வார்னிஷ் ஒட்டாத கோடி

மறுபடியும் விலகுகிறது, இதோ, பிரஷ்ஷை எடுத்து மூச்சு விடுவதற்குள், மேசையின் இந்தக் கோடியில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, வார்னிஷ் குழிகுழியாக விலகிக்கொண்டே போகிறது... மூன்றாவது தடவை. மற்ற இடமெல்லாம் கண்ணாடி. மணி பதினொன்று, நாலுக்கு அக்கா வண்டியோடு வந்துவிடுவாள். ஈரமா? பத்து நாளாகக் காற்றில் காய்ந்த மரம். தூசியா? தூசி மேடு கட்டும், குழி பறிக்காது. உப்புத்தாள் போட்டேன், தேய்க்கத் தேய்க்கக் குழிகள் பரவினவே தவிரக் குறையவில்லை, அது ஏன்? மேசைக்கு அம்மை போட்டிருக்கு போல என்றாள் மனைவி, எட்டிப் பார்த்துவிட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா போன பிறகு அக்கா கேட்டது இந்த மேசை ஒன்றைத்தான். தச்சரிடம் கொடுத்து மெஷினில் இழைத்துவிடலாம் என்றவளிடம், நானே செய்து தருகிறேன் என்று சொன்னது இந்த வாய்தான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுடா, கிரீடமா கழண்டுடும் என்று அப்போதே கேட்டாள். எதையும் அரைகுறையாக விடுகிறவன் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குப் பெயர், அப்பாவை நான் பார்த்துக்கொண்ட விதத்தில்தான் அவள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டாள்...

வார்னிஷ் ஒட்டாத இடத்தில் ஏதோ வழுக்குகிறது என்று பொருள், எண்ணெய், மெழுகு, இல்லை... மேசை பாலிஷ் ஸ்ப்ரே. அடித்துத் துடைத்ததும் பளபளக்குமே, அந்த டப்பா. அதிலிருக்கும் சிலிக்கான் மரத்தின் துளைகளுக்குள் இறங்கிவிடும், மேலே எதைப் பூசினாலும் தள்ளும், உப்புத்தாள் அதை எடுக்காது, பரப்பும். யார் அடித்தது? வேறு யார்? அப்பாவுக்குக் கை நடுக்கம், உட்காருவது இந்தக் கோடியில், சிந்தியதெல்லாம் வாரம் முழுக்கப் பொருக்குத் தட்டிக் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் சுரண்டிவிட்டு ஸ்ப்ரே அடிப்பேன், பத்தரைக்கு அக்கா வருவாள். சரிசெய்துவிடலாம், ஆனால் வார்னிஷ் காய ஐந்து மணி நேரம் வேண்டும், துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினால் நாலு மணிக்கு ஆகாது, ஏன் என்று கேட்பாள். பிரஷ் சரியில்லை என்று சொல்லலாமா, வார்னிஷ் டப்பா பழசு என்று... அக்காவை அழைத்தேன், போனை எடுத்தாள். நாளைக்கு வாக்கா என்றேன். ஏன் என்றாள். ஸ்ப்ரே என்று ஆரம்பித்தவன் நிறுத்தியிருக்கலாம், நீ வரும் அன்றைக்கு மட்டும் அடிப்பேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"மத்த ஆறு நாள்?"

கையிலிருந்த பிரஷ்ஷைத் தின்னரில் போட்டேன். கடைசியில், "சரி, வேலையப் பாரு" என்றாள், அது கோபமா, வேறு ஏதாவதா, பிடிபடவில்லை. வந்ததும் வராததுமாக இந்தக் கோடியைத்தானே விரலால் தடவிப் பார்ப்பாள், வாராவாரம், இதை மட்டும்... தெரிந்துதானா? ஈர வார்னிஷைத் தின்னரால் வழித்தேன். துடைத்த துணியாலேயே திரும்பத் துடைத்தால் அதே சிலிக்கானைத் திரும்பப் பூசுவதாகும், அதனால் ஒரு துடைப்புக்கு ஒரு துணி, எட்டுத் துணி ஆயிற்று. பிறகு உப்புத்தாளைத் தொடாமல், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, மெல்லிசாக ஒரே பூச்சு. எஞ்சிய சிலிக்கான் மேல் அரக்கு ஒட்டும், அரக்கின் மேல் வார்னிஷ் ஒட்டும். ஒரு மணி நேரம் காயவிட்டு வார்னிஷைத் தடவினேன். விலகவில்லை.