கொதிகலன் ஒன்றியத்தில் நான்காம் கட்டிடம்

என் நாட்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சேர்த்துவிடுவது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். நாடு இன்னும் வாசலில்தான் நிற்கிறது. வேறு தொழிலாக இருந்தால் எப்போதோ சீட்டைக் கிழித்திருப்பார்கள். எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

தவறு முழுக்க என்னுடையது அல்ல. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாடும் கை தூக்கினால்தான் புதியவன் நுழைய முடியும். ஒரு பக்கத்து நாட்டுக்கு எங்கள் பெயர் பிடிக்கவில்லை. பெயரை மாற்றினோம். சோபியாவைத் தலைநகராகக் கொண்ட இன்னொரு பக்கத்து நாடு, உங்கள் வரலாற்றில் பாதி எங்களுடையது என்றது. அதைப் பேசித் தீர்க்க உட்கார்ந்த வரலாற்றாசிரியர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதை ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் தாழ்வாரங்களில் நின்று நின்று படித்தவன் நான். தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தால் என் மனைவி ஸ்லாவ்யங்கா மேசையிலிருக்கும் கண்ணாடித் தம்ளர்களை முதலில் அப்புறப்படுத்திவிடுவாள்.

இப்படிப்பட்ட அனுபவசாலி தன் வீட்டு முற்றத்தில் என்ன செய்தான் என்பதுதான் கதை.

தலைநகர் ஸ்கோப்யேயில் எங்கள் முற்றத்தைச் சுற்றி மூன்று அடுக்குமாடிக் கட்டிடங்கள். நடுவில் ஒரு கொதிகலன் அறை. குளிர்காலத்தில் மூன்று கட்டிடங்களின் வீடுகளையும் அதுதான் சூடாக்குகிறது. விறகுச் சில்லு யார் வாங்குவது, சாம்பல் யார் அள்ளுவது என்று முன்பெல்லாம் தினம் ஒரு சண்டை. நான்தான் மூன்றையும் ஓர் ஒன்றியமாக்கினேன். விதிகளையும் நானே எழுதினேன். கட்டிடத்துக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு கை, மூன்று கையும் உயர்ந்தால்தான் தீர்மானம். முதல் கட்டிடத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை தோப்ரிலா, மூன்றாவதுக்கு ரொட்டிக்கடை நெஜாத், இரண்டாவதுக்கு அடியேன் வாங்கெல். முற்றத்தில் எங்களைச் சின்ன பிரஸ்ஸல்ஸ் என்பார்கள். கேலிதான். எனக்கோ உச்சி குளிர்ந்தது.

கார் கொட்டகைகளுக்குப் பின்னால் நான்காவதாக ஒரு சின்னக் கட்டிடம் உண்டு. அதற்குக் கொதிகலன் குழாய் இல்லை. மின்சார அடுப்பு நாலு போட்டால் ஃபியூஸ் போய்விடும். அங்கேதான் ஸ்பாசே இருக்கிறான். என் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன், அதாவது என் கூம். எங்களுக்குக் கூம் என்றால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். கூமுக்கு 'முடியாது' சொன்ன வீடு விளங்காது என்பார்கள்.

அவன் மகன் தாமியான் பஸ் ஓட்டுநர். மருமகள் யூலியானாவுக்கு ஜனவரியில் பிரசவம். குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்று பெயர் சூட்ட வேண்டியவன் நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. கோடை முழுவதும் பெயர்களாகச் சொல்லிப் பார்த்து ஸ்லாவ்யங்காவின் காதைத் தின்றேன்.

"கூமே, உன்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? ஜெர்மனியில ஊல்ம்னு ஒரு ஊராம், அங்க பஸ் ஓட்டப் பையனைக் கூப்பிடறாங்க. இவன்தான் பதில் சொல்லாம இழுத்துட்டிருக்கான். வீடு சூடாச்சுன்னா இங்கயே இருப்பாங்க. இல்லேன்னா கிளம்பிடுவாங்க" என்றான் ஸ்பாசே.

"நான் இருக்கேன்ல? கவலைய விடு" என்றேன்.

நான்காம் கட்டிடம் ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்தது. எடுத்த எடுப்பில் உள்ளே விட்டால் ஒன்றியத்துக்கு என்ன மரியாதை? கூரையைச் சரிசெய்யுங்கள் என்றோம். செய்தார்கள். ஜன்னல்களை மாற்றுங்கள் என்றோம். மாற்றினார்கள். மாடிப்படி விளக்கு, குப்பைத் தொட்டி, நெஜாத்தின் வண்டிக்கு வழி எல்லாம் ஆயிற்று. ஒவ்வொன்றையும் நானே போய்ப் பார்த்து, 'முன்னேற்றம் தெரிகிறது, ஆனால் இன்னும் முயற்சி தேவை' என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வசனத்தை ஒருமுறை நாமே சொல்லிப் பார்ப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் கடைசியில் முற்றம் முழுக்க மிளகாய் சுடும் வாசனை. அய்வார் கிளறாத வீடு எங்கள் ஊரில் வீடே இல்லை. சிவப்புக் குடைமிளகாயை மூட்டை மூட்டையாகச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, நாள் முழுக்கக் கிளறி பாட்டிலில் அடைப்போம். சுடுவதற்கு எங்கள் முற்றத்துக்கென்று ஒரு அடுப்பு. பழைய சலவை இயந்திரத்தின் உருளையில் செய்தது. முற்றத்துக்கு அதை முதலில் செய்து கொடுத்தவர் என் அப்பா. ஸ்பாசேயைக் கேட்டால் அவன் அப்பா என்பான். வருடா வருடம் ஒரு கிளாஸ் ரக்கியா, அதாவது எங்கள் பழச்சாராயம், உள்ளே போனதும் இந்த வழக்கு வரும், அடுத்த கிளாஸில் போய்விடும்.

இந்த வருடம் அவன் கட்டிடத்துக்காரர்கள் அடுப்புக்கு மேலே ஒரு பலகை மாட்டினார்கள். 'ஸ்பாசேயின் தகப்பனார் செய்தது.' நான் அதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கையிலிருந்த காப்பி ஆறிப்போகும் வரை பார்த்தேன்.

அக்டோபர் ஞாயிறு, மதியம், கொதிகலன் அறையில் கூட்டம். ஸ்பாசே முகம் மழித்து, கோட்டுப் போட்டு வந்திருந்தான். தோப்ரிலா கை தூக்கினாள். நெஜாத் கை தூக்கினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கூமுக்கு முடியாது என்று சொல்லக் கூடாது. நான் சொல்லவில்லை.

"எங்க கட்டிடம் மனசார வரவேற்குது. ஒரு சின்ன விஷயம் மட்டும் தெளிவாயிடணும்" என்றேன். "அந்த அடுப்பு யாரோடது? அது எங்க கட்டிடத்துச் சொத்து, எங்கப்பா செஞ்சதுன்னு நீங்க எழுத்துல ஒத்துக்கிட்டா..."

நெஜாத் வாய்விட்டுச் சிரித்தான். "வாங்கெல், உனக்கு வேற வேலை இல்லையாப்பா? மிளகாய் சுடற டப்பாவுக்கா சரித்திரம் கேக்கற?"

"இது கோட்பாடு சம்பந்தப்பட்ட விஷயம்" என்றேன். அந்த வார்த்தையை எங்கே கேட்டிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

ஸ்பாசே கையை நீட்டி, "பேனா குடு" என்றான். "உங்கப்பாதான் செஞ்சாரு. எழுதிக்கறேன். எங்கப்பா அப்படி ஒருத்தர் பொறக்கவே இல்லன்னு எழுதணுமா, அதையும் எழுதறேன். பொண்ணுக்கு மாசம் ஏறிட்டிருக்கு, கூமே. குழாய வுட்டாப் போதும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"வேணாம், வேணாம். நிபந்தனைய வாபஸ் வாங்கிக்கறேன்" என்று கையைத் தூக்கினேன்.

"அதெப்படி?" தோப்ரிலா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தாள். "வச்ச நிபந்தனைய எடுக்கணும்னாலும் மூணு கையும் வேணும். நீங்க எழுதின விதிதானே? எனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. இவ்வளவு நாள் கேக்கலாம்னே தோணல, நீங்கதான் வழி காட்டினீங்க. அவங்க மொட்டை மாடியில துணி காயப்போடறது என் சமையலறைக்கு நேரா இருக்கு. யாரோ ஒருத்தரோட ஜட்டியப் பாத்துக்கிட்டே நான் சூப் குடிக்கணுமா?"

"டீச்சர், நீங்க இப்பத்தானே கை தூக்கினீங்க!" என்றேன்.

"இறக்கிட்டேன்."

"நான் இறக்க மாட்டேன், மறுபடியும் தூக்கவும் மாட்டேன்" என்றான் நெஜாத். "எனக்குத் தோள் வலி. உங்க கூத்த நீங்களே பாத்துக்கங்க."

புது நிபந்தனை வந்தால் அதைப் பரிசீலிக்க மூன்று மாதம். அதுவும் என் விதிதான். பிரஸ்ஸல்ஸ் மாதிரி கம்பீரமாக இருக்கட்டும் என்று போட்டது. நுணலும் தன் வாயால் கெடும். நான் விதி எழுதியே கெட்டேன்.

ஸ்பாசே மொட்டை மாடிக் கயிறுகளை அன்றைக்கே அவிழ்த்துவிட்டான். மறுநாள் நான் பழக்கூடையோடு தோப்ரிலா வீட்டுக்குப் போனேன். கெஞ்சினேன். அவள் பழத்தை வாங்கிக்கொண்டாள், விதியை விடவில்லை.

"முன்னேற்றம் தெரியுது. ஆனா அவசரப்படக் கூடாது, பாருங்க" என்றாள்.

வீட்டில் ஸ்லாவ்யங்கா சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் தள்ளினாள். வைத்தாள் என்று சொல்ல முடியாது.

"இதுக்குத்தானே டிவியப் பாத்துப் பாத்து என் தம்ளர எல்லாம் ஒடச்ச?"

"அது வேற, இது வேற."

"ஆமா, வேறதான். அவங்க யாரும் உன் கூம் இல்ல."

தாமியானையும் யூலியானாவையும் அழைத்து நம் வீட்டு அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஸ்லாவ்யங்கா அப்போதே கோட்டை மாட்டிக்கொண்டு போனாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். தாமியான் ஊல்முக்குச் சம்மதம் சொல்லிவிட்டானாம். முதல் பனி விழுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். வழியனுப்ப நானும் போனேன். யூலியானா என் கன்னத்தில் முத்தமிட்டாள். தாமியான் கை மட்டும் கொடுத்தான்.

ஜனவரியில் ஒரு நாள் காலை கதவு தட்டும் சத்தம். ஸ்பாசே நின்றிருந்தான். தலையில் கம்பளிக் குல்லாய், கழுத்தில் இரண்டு சால்வை. கைபேசியை நீட்டினான். தொட்டிலில் சிவந்த, சுருங்கிய ஒரு முகம். பெண் குழந்தை.

"பொறந்து ஒரு வாரம் ஆச்சு. பலவீனமா இருந்துதாம், அதனால ஆஸ்பத்திரியிலயே பாதிரியாரக் கூப்பிட்டு ஞானஸ்நானம் முடிச்சிட்டாங்க" என்றான். "இப்ப நல்லா இருக்கா."

"பேரு?"

"கலினா."

என் பட்டியலில் இல்லாத பெயர். "யாரு வச்சது?"

ஸ்பாசே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "ஊல்ம்ல அவங்க கீழ் வீட்டுக்காரர். சோபியாக்காரராம். போன அன்னைக்கே இவங்க வீட்டு ஹீட்டர் ஓடல, அவரு கதவத் தெறந்து உள்ள உக்கார வச்சிருக்காரு. அவருதான் ஞானத்தகப்பனா நின்னாரு."

சோபியா என்று காதில் விழுந்ததும் என் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. இருபது வருடமாக அந்த நகரத்தின் பெயரைக் கேட்டால் ஆட்சேபம் தெரிவித்தே பழகிய வாய். இந்த முறை அதிலிருந்து அழுகைதான் வந்தது. என் கையில் ஏந்தியிருக்க வேண்டிய பிள்ளை. நான் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பெயர்கள் எல்லாம் இனி யாருக்கு?

"அழாத கூமே. நம்ம ரெண்டு குடும்பத்துல ஒருத்தராவது ஒன்றியத்துக்குள்ள போயாச்சுன்னு வச்சுக்க" என்றான் ஸ்பாசே. சால்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

முப்பது வருடமாக இந்த வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் வந்தவன் அவன். குளிர்பதனப் பெட்டியைத் தானே திறப்பான், என் செருப்பைப் போட்டுக்கொள்வான், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை எழுந்திருக்கச் சொல்வான். இன்றைக்கு அவன் வாசற்படிக்கு வெளியே, கால்மிதியைக்கூட மிதிக்காமல் நின்றிருந்தான். உள்ளே எங்கள் வீட்டின் சூடு அவன் முகத்தில் படுவதை என்னால் பார்க்க முடிந்தது.

"கூமே, எங்க வீடு ரொம்ப ஜில்லுனு இருக்கு" என்றான். "கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காந்துக்கட்டுமா?"

அவன் கேலி செய்யவில்லை. அனுமதிதான் கேட்டான்.