கோட்டைச்சாமி வண்டிக்குப் பெரிய கண்ணாடி

சொர்ணலதாவுக்கு அன்று காலையில் மூக்குக்கு மேல் கோபம். அவள் புருஷன் கோட்டைச்சாமி பழைய இரும்புக் கடையிலிருந்து லாரிக் கண்ணாடி இரண்டை வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருக்கும். மனுசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இத மாட்டிட்டா நீ வரவே வேணாம் சொர்ணம். வீட்ல இருந்து மகளப் பாத்துக்க. வண்டியோட வாலு வரைக்கும் இதுல தெரியும்."

வாலு தெரிஞ்சு என்னத்துக்கு, எதுக்க வர்ற தலை தெரியணும்ல என்று அவள் வாய்வரை வந்தது. பக்கத்தில் மகள் யுவராணி நின்றாள். விழுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்திரண்டாம் வருடத்து வில்லிஸ் பிக்கப் அது. மலைமேல் ஏதோ ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்ததை, கோட்டைச்சாமி வாங்கி வந்து உயிர் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். சுருளிப்பட்டித் தோட்டங்களில் திராட்சைப் பெட்டி ஏற்றித் தேனி மார்க்கெட்டில் இறக்குவதுதான் பிழைப்பு. வலப்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. இடப்பக்கம் ஒன்றுமே கிடையாது. இல்லாவிட்டால் என்ன, சொர்ணலதா இருந்தாளே!

"எதுக்க பஸ்ஸு வருது." "சைக்கிள்காரன் தள்ளாடுறான், ஒதுங்குங்க." "வாங்க, வாங்க, இன்னுங் கொஞ்சம் வாங்க... போதும்!" பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாள். ஊரில் கேலி பேசாத ஆள் இல்லை. கோட்டைச்சாமி ஸ்டியரிங்கைத்தான் பிடிக்கிறார், வண்டியை ஓட்டுறது சொர்ணம் என்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு போன வருடத்தோடு போயிற்று. சின்னமனூர் தாண்டி ரோட்டோரம் நின்ற மைல்கல்லைப் பார்த்து அவர் ஹாரன் அடித்தார். அடித்ததோடு விட்டாரா? "ஆட்டுக்குட்டிய யாரு இப்பிடி ரோட்டுல விடுறது?" என்று வைதுவேறு வைத்தார். அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு கவனித்தாள். அவள் சொன்னால்தான் மாடு அவருக்கு மாடு. சொல்லாவிட்டால் நேரே போகிற ஆள்தான். சர்க்கரை இருக்கிற உடம்பு. மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வரலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வெயில் கூசுது என்று ஒரே பேச்சு. கேட்டால்தானே!

அவள் என்ன செய்தாள்? இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். மாடு, மனுசர், மேடு, பள்ளம் ஒன்று விடாமல் சொன்னாள். வண்டி எதிலும் முட்டாமல் ஓடியது. அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருப்பது ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது யுவராணிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு முறைப்படி தாய்வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தனியே விட்டுவிட்டு அம்மாக்காரி திராட்சை வண்டியில் சுற்ற முடியுமா? அவள் வீட்டோடு இருக்க வேண்டும். கோட்டைச்சாமி தனியாக ஓட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கண்ணாடி.

"ஏ ஆத்தா, கவலைப்படாத," என்று அவர் மகளிடம் சொல்வது அடுப்படிக்குக் கேட்டது. "எந்நேரம் வலி கண்டாலும் அப்பா ஏத்திக்கிட்டு ஒரே அழுத்தா தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவேன்."

சொர்ணலதா கரண்டியை அப்படியே போட்டாள். பெற்ற மகளையும் பிறக்கப் போகிற பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு இந்த மனுசன் கண்ணில்லாமல் ஓட்டிப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரியை மகளுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, இன்னிக்கு ஒரு நாளைக்கு நானும் வாறேன் என்று வண்டியில் ஏறிவிட்டாள்.

உத்தமபாளையம் பைபாஸில் ஒச்சாண்டியின் ஒர்க் ஷாப். சொர்ணலதா பிறந்த ஊர்க்காரன், அவளை அக்கா என்றும் அவரை மாமா என்றும் கூப்பிடுவான். கண்ணாடியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"என்ன மாமா, வண்டிய விடக் கண்ணாடி பெருசா இருக்கு? காத்தடிச்சா இதுவே வண்டியத் தூக்கிட்டுப் போயிரும் போல."

"மாட்றா மொதல்ல."

மாட்டுவது லேசாக இல்லை. அந்தக் காலத்து இரும்பு, துளை போட்டால் ட்ரில்தான் அலறியது. லாரியின் உயரத்துக்குச் செய்த கம்பி பிக்கப்புக்கு நீளமாக இருந்தது. அறுத்து, வளைத்து, கீழே ஒரு தாங்கு கொடுத்து, ஆடாமல் இருக்க ரப்பர் வைத்து முறுக்கினான். கோட்டைச்சாமி சும்மா இருப்பாரா? அங்கன முறுக்கு, இங்கன தளர்த்து என்று கூடவே நின்றார். நட்டை எடுத்துக் கொடுக்கிறேன் என்று இரண்டு தடவை தரையைத் தடவினார். கண்ணெதிரே கிடந்த நட்டு அது. சொர்ணலதாதான் காலால் அவர் கைப்பக்கம் தள்ளிவிட்டாள், ஒச்சாண்டி பார்ப்பதற்குள்.

இரண்டு காதும் முளைத்தமாதிரி வண்டி நின்றது.

"மாமா, ஏறி உக்காருங்க, திருப்பி வைப்போம்," என்றான் ஒச்சாண்டி. "அக்கா, நீ பின்னாடி அந்த இடப்பக்கச் சக்கரத்துக்கிட்ட போய் நில்லு. நீ தெரியிற மாதிரி வைக்கணும்."

அவள் போய் நின்றாள். ஒச்சாண்டி இடப்பக்கக் கண்ணாடியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான்.

"இப்ப அக்கா தெரியுதா மாமா?"

"தெரியுது, தெரியுது."

கண்ணாடி இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது அவளுக்கு அதில் வேப்பங்கிளைதான் தெரிந்தது, அவர் முகம் தெரியவில்லை. இவரை இப்படியே விட்டால் நாளைக் காலையில் தனியாகக் கிளம்பிவிடுவார். கேட்டால், ஒச்சாண்டி முன்னாலயே பாத்துத்தான வச்சோம் என்பார். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று செருப்பைக் கழற்றினாள். சத்தமில்லாமல் வண்டிக்குப் பின்னாலேயே சுற்றி, வலப்பக்கம் வந்து, டிரைவர் கதவுக்கு அருகில் நின்றாள். கை நீட்டினால் அவர் தோள்பட்டை. அவர் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஒரு லாரி இரைந்துகொண்டு போனது.

ஒச்சாண்டி அவளைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். பேசாதே என்று அவள் தலையை ஆட்டினாள். பிறகு, கேள் என்று ஜாடை காட்டினாள்.

அவன் கண்ணாடியைத் திருப்புவதுபோல் பிடித்தான். "மாமா, அக்கா தெரியுதா?"

"எத்தன தடவடா கேப்ப? அங்கனதான நிக்கிறா. கையத் தூக்கிக் காட்டுறா பாரு. எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதாடா?"

ஏதோ ஒரு நிழல் அவர் கண்ணுக்குத் தட்டியிருக்கும். அதையே பெண்டாட்டி ஆக்கிவிட்டார் பாவி மனுசன். சொர்ணலதாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இதைச் செய்யாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிசம் தோன்றியது.

"இங்கன நிக்கிறேங்க," என்றாள்.

அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். பக்கத்தில் அவள் குரல், அவள் முகம். கதவை அறைந்து திறந்துகொண்டு இறங்கினார்.

"வேவு பாக்குறியா? கட்டுன புருசனையே அடுத்தவன் முன்னாடி வச்சுச் சோதிக்கிறியாடி?"

"மாமா, விடுங்க..." என்று வந்தான் ஒச்சாண்டி.

"நீ பேசாதடா!"

"ஆமா, சோதிச்சேன்," என்றாள் அவள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "வேற எப்பிடிச் சொன்னா நீங்க கேப்பீக? இத்தன நாளும் என் வாயக் கண்ணா வச்சு ஓட்டுனீக. நானும் வாய மூடல, ஒங்களுக்கு ஒரு கொற வந்துறக் கூடாதுன்னு. இனி யாரு சொல்லுவா? யுவராணி வலியில கத்துவாளா, இல்ல எதுக்க பஸ்ஸு வருதுன்னு சொல்லுவாளா?"

கோட்டைச்சாமி வண்டி நிழலில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். ஒச்சாண்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். செம்பு எங்கே என்று அவர் கை ஒரு கணம் தேடியது. அதை இந்தத் தடவை அவர் மறைக்கவில்லை.

"எப்பருந்து தெரியும் ஒனக்கு?"

"அந்த ஆட்டுக்குட்டியிலருந்து."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மூச்சில் உதடு கோணியது. "சொன்னா எறங்கச் சொல்லுவாகன்னுதான் சொர்ணம் நான் சொல்லல. எறங்கிட்டா நான் யாரு? வீட்ல குந்திக்கிட்டு என்ன செய்ய?"

"மதுரைக்குப் போவோம். என்ன சொல்றாகளோ கேப்போம். நானும் வாறேன். அதுக்குன்னு இல்லாத கண்ண இருக்குன்னு சொல்லாதீங்க, எனக்குப் பயமா இருக்குங்க."

செம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அவள் நீட்டிய கையைத் தாண்டி ஒச்சாண்டியின் கையில் வைத்தார்.

"பிள்ள பொறக்குற வரைக்கும் லோடு நீ அடி. எங்கள வீட்டுல விட்டுட்டு வண்டிய நீயே எடுத்துட்டு வா. ஏறி உக்காரு, கண்ணாடிய ஒன் ஒசரத்துக்குத் தோதா வச்சுக்குவோம்."

"நாளைக்கி வச்சுக்கிறலாம் மாமா."

"இப்பவே வையிடா. கோணலா இருந்தா ஆபத்து."

ஒச்சாண்டி தயங்கித் தயங்கி ஏறினான். சொர்ணலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கக் கண்ணாடியைப் பிடித்தாள். கோட்டைச்சாமி வண்டியின் உடம்பைத் தடவிக்கொண்டே பின்பக்கம் நடந்தார். இடப்பக்கச் சக்கரம் கைக்குத் தட்டியதும் நின்று, திரும்பி, ஒரு கையை உயரத் தூக்கினார்.

"ஒச்சாண்டி, நான் தெரியிறேனாடா?"

சொர்ணலதா கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

"தெரியிறீக மாமா," என்றான் அவன். "நல்லாத் தெரியிறீக."