பாசிக்காரி வூட்டுக்காரர்

மதிவாணனைப் பற்றி நெய்வேலியில் யாரிடம் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பர்மனென்ட். கோபம் வந்தால் சிரிப்பான், அவமானம் வந்தாலும் சிரிப்பான். இப்படிச் சிரித்துக்கொண்டே இருக்கிற ஒரு மனிதனால் என்ன காரியம் செய்ய முடியும் என்பது அவன் மனைவி பிரபாவதிக்கு 2017 ஐப்பசியில்தான் தெரியவந்தது.

அவள் செய்துகொண்டிருந்தது மீன்தொட்டிச் செடி வியாபாரம். மகள் தமிழ்மொழி சிதம்பரத்துக்குக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனபோது ஒரு கண்ணாடித் தொட்டியை விட்டுப் போயிருந்தாள். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. அடியில் நட்டிருந்த செடி மட்டும் சாகவில்லை. நாடா மாதிரி நீள நீளமான இலைகள். அது பக்கத்துக்கு ஒரு கொடி விட்டு, கொடிக்கு ஒரு குட்டி போட்டு, தைக்குள் தொட்டி முழுவதும் காடாகிவிட்டது. பிடுங்கி எறியப் போவதாக மகளிடம் போனில் சொன்னபோது, “எறியாதம்மா, அதைக் கடையில காசு குடுத்துதான் வாங்குனேன்” என்றாள் மகள்.

பிரபாவதி பி.எஸ்சி. தாவரவியல். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு கறிவேப்பிலை உருவுவதற்குத்தான் பயன்பட்டது. அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் முயற்சி நாறிப் போனது. சித்திரை வெயிலில், குவார்ட்டர்ஸ் பின்பக்கம் இருந்த சிமெண்ட் தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பி நட்டாள். ஒரே வாரத்தில் இலையெல்லாம் கரைந்து, தண்ணீர் பச்சைக் கஞ்சியாகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ருக்குமணி எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரரும் மதிவாணனும் ஒரே செக்‌ஷன்.

“ஏன் பிரபா, செப்டிக் டேங்க் ஒடஞ்சிடுச்சா?”

“இல்லக்கா. மீன்தொட்டிக்கு வைக்கிற செடி வளக்கறேன்.”

“பாசியா? பாசி வளக்கறியா!” ருக்குமணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சாயங்காலத்துக்குள் பிளாக் முழுவதும் அவளுக்குப் பாசிக்காரி என்று பெயர் வந்துவிட்டது.

பாசி வேறு, செடி வேறு என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செடியின் இலையில் படிகிற பாசியைத் துடைப்பதுதான் அவளுக்கு நாள் முழுவதும் வேலை. பாசிதான் அவளுக்கு எதிரி. அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் பெண்களுக்குப் பர்மனென்ட்டைத் தவிர வேறு எந்த வேலையும் வேலையில்லை. புடவை வியாபாரம் செய்தால்கூட மன்னித்துவிடுவார்கள், அதைக் கட்டிக்கொள்ளலாம். தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை என்ன செய்வது?

அவள் விடவில்லை. பலா மரத்தடிக்கு இடத்தை மாற்றி, மேலே பச்சை நிழல்வலை கட்டினாள். காயலான் கடையிலிருந்து பழைய ஃப்ரிட்ஜ்களின் கூட்டை வாங்கிவந்து மல்லாக்கப் போட்டுத் தொட்டியாக்கினாள். மீன் மார்க்கெட்டில் தெர்மாகோல் பெட்டிகளைச் சும்மாவே கொடுத்தார்கள். காற்று திரும்புகிற நாளில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர்மேல் ஆடை மாதிரிப் படியும். செய்தித்தாளை மேலே பரப்பி, சாம்பலோடு சேர்த்து உரித்து எடுப்பாள். கொசு முட்டை வைக்காமலிருக்க எல்லாத் தொட்டியிலும் கப்பி மீன் விட்டாள். அவை கொசுப்புழுவைத் தின்று கொழுத்துப் பெருகின.

புதுச்சேரியில் வண்ணமீன் கடை வைத்திருந்த ஜெயராமன், அவள் முதன்முதலாகக் கொண்டுபோன செடிக்கட்டினை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, எந்த ஏரியில புடுங்கினு வந்த?”

“ஏரியில இல்லீங்க. வூட்லதான் வளக்கறேன்.”

“வேருல நத்தை முட்டை இருக்குது பாரு. என் தொட்டி பூரா நாறிடும். எடுத்துக்கினு போ.”

எடுத்துக்கொண்டு வந்தாள். வடலூரில் பஸ் மாறும்போது அதை ஒரு மாட்டுக்குப் போட்டாள், மாடும் தின்னவில்லை. அடுத்தமுறை போகும்போது படிகாரத் தண்ணீரில் முக்கி, ஒவ்வொரு வேரையும் அலசி, ஈரத் தாளில் சுற்றிக் கொண்டுபோனாள். ஜெயராமன் ரொம்ப நேரம் தேடினார். குறை ஒன்றும் அகப்படாத எரிச்சலோடு, “சரி, வச்சிட்டுப் போ” என்றார். ஆவணிக்குள் அவரே வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்ய ஆரம்பித்துவிட்டார். கோயம்புத்தூர், மதுரை என்று வாட்ஸ்அப்பில் ஆட்கள் கேட்டார்கள். கல்லில் நூலால் கட்டி வளர்க்கிற அனுபியாஸ் செடிக்கு அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் மதிவாணன் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. யாராவது வீட்டுக்கு வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தால், “அவளுக்குப் பொழுது போவணும்ல” என்று சிரிப்பான். அவளும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஊரெல்லாம் டெங்கு. எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று ஆட்கள் வீடுவீடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் காலை பத்து மணிவாக்கில், கொசு ஒழிப்பு மேற்பார்வையாளர் அய்யாசாமி என்பவர் இரண்டு ஆட்களோடு நேராகப் பின்பக்கத்துக்கே வந்தார். கையில் நீளப் பிடி வைத்த அகப்பையும் டார்ச் லைட்டும்.

“கம்ப்ளெயின்ட் வந்திருக்குதுங்க. தண்ணி தேக்கி வச்சிருக்கீங்களாமே.”

“பாத்துக்குங்க” என்று பிரபாவதி விலகி நின்றாள்.

அய்யாசாமி ஒவ்வொரு தொட்டியிலும் அகப்பையை விட்டு மொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது தொட்டியிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

“ஒரு புழு இல்லீங்க. கப்பி வுட்டு வச்சிருக்கீங்க. நாங்களே இதத்தான் ஊரு பூரா சொல்லிக்கினு இருக்கறோம், ஒருத்தரும் கேக்கறதில்ல.”

புழு வேறொரு இடத்தில் இருந்தது. குளியலறைக்குப் பின்னால் மதிவாணன் என்றைக்காவது ஆகும் என்று போட்டுவைத்திருந்த பழைய ஸ்கூட்டர் டயருக்குள் மழைத்தண்ணீர் நின்று, புழு நெளிந்துகொண்டிருந்தது. ஆட்கள் அதைக் கவிழ்த்துக் கொட்டித் தூக்கிக்கொண்டார்கள்.

பிரபாவதி வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ருக்குமணியை முறைத்தாள். அய்யாசாமி அதைக் கவனித்துவிட்டார். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அந்தம்மாவ மொறைக்காதீங்க. கம்ப்ளெயின்ட் குடுத்தது அக்கம்பக்கம் யாரும் இல்ல. இந்த வூட்டுக்காரருன்னு சொல்லித்தான் போன்ல பேசுனாரு. ‘வூட்ல சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க, நீங்களே வந்து எல்லாத்தயும் கவுத்துட்டுப் போயிடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க’ன்னாரு. நான் சொல்லக்கூடாது. வேற யாரையோ நெனச்சிக்கினு நீங்க சண்டைக்குப் போயிடக் கூடாதேன்னு சொல்றேன்.”

அவள் அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

மதிவாணன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தலை முழுக்கப் போர்த்திப் படுத்திருந்தான்.

“எழுந்திரிங்க. கொறட்டை வரல, நீங்க தூங்கல.”

போர்வை கொஞ்சம் விலகியது. “என்னா?”

“போன் பண்ணது நீங்களா?”

“எந்த போன்?” என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்தான். “டெங்கு பரவிக்கினு இருக்குது பிரபா. ஒரு அக்கறையிலதான்...”

“அக்கறைன்னா என்கிட்ட சொல்றது. நான் என்னா வெளியூர்லயா இருந்தேன்? அடுப்பாண்டதான நின்னுக்கினு இருந்தேன்.”

“சொன்னா நீ கேப்பியா?”

“சொன்னீங்களா?”

அவன் போர்வையை மடிக்க ஆரம்பித்தான். மடித்து முடித்தும் அவள் நகரவில்லை.

“பெல்ட்டுல எல்லாரும் என்னைப் பாசின்னு கூப்புடறானுவ. பஸ்ல ஏறுனா, ‘பாத்துடா, வழுக்கப் போவுது, பாசி வருது’ங்கறான். கேண்டீன்ல கீரை போட்டா என் தட்டக் காட்டிச் சிரிக்கறான். எனக்கு அசிங்கமா இருக்காதா?”

“அப்பிடி கூப்புடாதீங்கன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?”

அவன் மடித்த போர்வையை மறுபடி பிரித்தான்.

“அவங்ககிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. முன்னப்பின்ன தெரியாத ஒரு ஆளுகிட்ட, பேரு வெளிய வரக் கூடாதுன்னு போன்ல சொல்லியிருக்கீங்க. ஒரு கட்டைய எடுத்துக்கினு போயி நீங்களே தொட்டிய ஒடச்சிருந்தா, நாலு நாளு பேசாம இருந்திருப்பேன். அப்பறம் சோறு போட்டிருப்பேன்.”

“இப்ப?”

“இப்பவும் போடுவேன். பசிக்கிறவனுக்குச் சோறு போட மரியாதை ஒண்ணும் வேண்டியதில்ல.”

போட்டாள். குழம்பில் உப்புகூடக் குறையவில்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை. அழுவாள், கத்துவாள், குள்ளஞ்சாவடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவாள் என்று எதிர்பார்த்தான். பத்து நாள் கழித்தும் ஒன்றும் நடக்காதபோது, எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டான். அவனுடைய அறிவு அவ்வளவுதான்.

கார்த்திகையில், அவனோடு வேலை பார்க்கிற கொளஞ்சியப்பன் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க மனைவியோடு வந்தார். தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டு, காபியை வாங்கிக்கொண்டு, வழக்கமான கிண்டலை ஆரம்பித்தார்.

“என்னாம்மா, பாசியெல்லாம் எப்பிடி வெளையுது? நம்ம மதிதான் மேனேஜரா?”

மதிவாணன் சிரித்தான்.

“அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்கண்ணா” என்றாள் பிரபாவதி. “இதையெல்லாம் கவுத்துட்டுப் போங்கன்னு என்மேல கம்ப்ளெயின்ட் குடுத்தவரே அவருதான். பேர மட்டும் சொல்லாதீங்கன்னாராம்.”

வேடிக்கை என்று நினைத்துக் கொளஞ்சியப்பன் பாதி சிரித்தார். மதிவாணன் முகத்தைப் பார்த்ததும் மீதிச் சிரிப்பை விழுங்கிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏன்யா மதி, பொண்டாட்டி மேலயா?”

அவர் மனைவி மதிவாணனைப் பார்க்காமலேயே எழுந்துவிட்டாள். அவர்கள் போனபின் தம்ளர்களைக் கழுவும்போது, சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிரபாவதிக்கு ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அதற்குள் அவன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“இப்பிடி நாலு பேருக்கு முன்னால மானத்த வாங்கிட்டியே.”

செய்தது அவனுக்கு உறுத்தவில்லை. தெரிந்துபோனதுதான் உறுத்துகிறது. அவள் மனசில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்த வார்த்தையோடு ஒழிந்தது.

பெல்ட்டில் அதற்குப் பிறகு அவனை யாரும் பாசி என்று கூப்பிடவில்லை. கம்ப்ளெயின்ட் என்று கூப்பிட்டார்கள். பாசி என்றபோது தோளில் கைபோட்டுச் சொன்னவர்கள், இப்போது அவன் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். பொண்டாட்டியையே மாட்டிவிட்டவன் நம்மை விடுவானா என்று நினைத்திருக்கலாம். ஷிப்ட் பஸ்ஸில் அவன் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ருக்குமணி மட்டும் பிரபாவதியிடம், “எனக்கும் நாலு கப்பி குடேன், அந்தக் கொசு ஒழிப்பு ஆளு எங்க வீட்டுத் தொட்டியில புழு இருக்குன்னுட்டுப் போயிட்டான்” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தை பிறந்ததும் பிரபாவதி தொட்டிகளைக் குள்ளஞ்சாவடிக்கு மாற்றிவிட்டாள். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் போர்வெல் தண்ணீரும் நிறைய இடமும் இருந்தன. சிமெண்டில் புதிய தொட்டிகள் கட்டினாள். காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு பஸ் ஏறுவாள், இருட்டுவதற்குள் திரும்புவாள். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அவன் விரும்பியது நடந்துவிட்டது. காலியான அந்த இடத்தில் நின்று பீடி குடிப்பதைத் தவிர அவனுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மாசியில் ஒரு வார விடுமுறை நாளில் அவனே குள்ளஞ்சாவடிக்கு வந்துவிட்டான். தொட்டிகளுக்கு நடுவில், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான்.

“எதுனா வேல இருந்தா குடு.”

“நத்தை பொறுக்கணும். ஒவ்வொரு செடியா எடுத்து, படிகாரத் தண்ணியில முக்கி, இலைக்கு அடியில பாக்கணும்.”

உட்கார்ந்து பொறுக்கினான். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அதற்கடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரமும். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“பிரபா, நான் செஞ்சத நீ மன்னிக்கவே மாட்டியா?”

அவள் ஒரு கல்லில் செடியை வைத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே பதில் சொன்னாள்.

“மன்னிக்கறதுக்கு ஒரு அளவு வேணும்ங்க. அடிச்சேன், கூத்தியா வச்சிருந்தேன், வூட்ட வித்துக் குடிச்சேன்னு வந்தா ஒக்காந்து யோசிக்கலாம். நீங்க ஒரு போன் பண்ணீங்க. அதப் போயி எங்க மன்னிக்கறது?”

இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி நின்றது. ஜெயராமன் இறங்கி வந்தார். இப்போதெல்லாம் சரக்கு எடுக்க அவரே வந்துவிடுகிறார். மதிவாணனை அவர் பார்த்ததில்லை. முட்டி வரை நனைந்து, வாளிக்கு முன்னால் குந்தியிருந்தவனைக் கண்டதும் பிரபாவதியிடம் கேட்டார்.

“பரவால்லியே, ஆளெல்லாம் போட்டாச்சா?”

“வாரத்துல ஒரு நாளு வருவாரு” என்றாள் அவள்.

ஜெயராமன் தலையை ஆட்டிவிட்டுத் தொட்டிகளைப் பார்க்கப் போனார். மதிவாணன் குனிந்தபடியே கையிலிருந்த செடியை முடித்தான். அதை ஈரத் துணியின்மேல் வைத்துவிட்டு, “அடுத்தது எந்தத் தொட்டி?” என்று கேட்டான். அவள் கையைக் காட்டினாள்.