அண்ணனுக்கு வாயு, தங்கைக்கு நடிப்பு

காக்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் வீட்டில் இரண்டு பேருக்கு நெஞ்சு படபடப்பு வரும். ஓஸ்வால்டுக்கு வந்தால் அதற்குப் பெயர் வாயு. அவன் தங்கை யூனிசுக்கு வந்தால் நடிப்பு. பெயர் வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம், வீட்டில் ஆபீஸ் போகிற ஆண்பிள்ளை அவன் ஒருவன்தானே.

யூனிஸ் சர்ச்சை ஒட்டிய தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒருநாள் கணக்குப் பாடத்தின் நடுவில் அவள் விரல்கள் மரத்துப்போயின. மூச்சு முட்டியது. நெஞ்சு அடித்த அடியில் இதோ சாகப்போகிறோம் என்றே நினைத்து, சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார். "ஹார்ட்ல ஒண்ணும் இல்லம்மா, நெர்வ்ஸ்தான். வரும், போகும், பயப்படாதீங்க" என்றார். இதில் 'ஒண்ணும் இல்ல' என்பதை மட்டும் ஓஸ்வால்ட் வீட்டுக்கு எடுத்து வந்தான்.

அதன்பிறகு வீட்டிலேயே நாலைந்து தடவை வந்துவிட்டது. மூன்று வாரமாக அவள் வாசற்படி தாண்டவில்லை. வருகிற திங்கட்கிழமை வகுப்பில் நிற்காவிட்டால் வேறு டீச்சரை எடுத்துக்கொள்வதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். வேலை போனால் அடுத்தது என்ன என்பதும் ஓஸ்வால்டின் மனதில் முடிவாகியிருந்தது. கோலார் தங்கவயலில் மனைவி இறந்துபோன ஒரு சிநேகிதர், வயது நாற்பத்தாறு, மூன்று பிள்ளைகள். "நல்ல மனுஷன்" என்று அவன் சொல்லும்போதெல்லாம் யூனிஸ் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

வைத்தியத்துக்கு மட்டும் குறைவில்லை. அண்ணி பவுலின் காக்காய் வலிப்புக்குக் கொடுப்பதுபோல் சாவிக்கொத்தைக் கையில் திணித்தாள். மாதர் சங்கத்தார் ஏழு பேர் வந்து சுற்றி உட்கார்ந்து, அவள் செய்யாத பாவத்தையெல்லாம் கர்த்தரிடம் சொல்லி அழுதுவிட்டு, காபியும் முறுக்கும் தீர்ந்தபின் போனார்கள். ஓஸ்வால்ட் ரயில்வே ஸ்டேஷனில் வாங்கிய மனோபலப் புத்தகத்தைக் கொண்டு வந்தான். கண்ணாடி முன் நின்று 'எனக்குப் பயமில்லை' என்று நூறு தடவை சொல்ல வேண்டுமாம், மூச்சை முடிந்தமட்டும் அடக்க வேண்டுமாம். பாவம், யூனிஸ் அதையும் செய்து பார்த்தாள். முப்பதாவது தடவையில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே பயம் வந்துவிட்டது.

"வில் பவர் இல்ல உனக்கு" என்றான் ஓஸ்வால்ட். புத்தகம் எழுதியவனுக்கு அடுத்தபடி உலகத்தில் அது இருந்தது அவனுக்குத்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் அரிசி களையும்போது மறுபடி வந்தது. வீட்டில் யாரும் இல்லை. புத்தி சொல்ல ஆளில்லாதது எவ்வளவு பெரிய உதவி! வேறு ஒன்றும் தோன்றாமல், தினமும் காலையில் சொல்லிப் பழகிய வாய் வருகைப் பதிவேட்டைச் சொல்ல ஆரம்பித்தது. "ஆரோக்கியம்." நிறுத்தினாள். பிள்ளை 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லக் காத்திருப்பாளே, அவ்வளவு நேரம். "எபினேசர்." மறுபடி நிறுத்தினாள். பேரைச் சொல்லும்போது மூச்சு வெளியே போனது, காத்திருக்கும்போது தானாகவே நிதானமாக உள்ளே வந்தது. சாவு வருகிறதா என்று பார்க்கவில்லை, அடுத்த பேரைத்தான் பார்த்தாள். இருபத்திரண்டாவது பேர் வருவதற்குள் படபடப்பு வடிந்துவிட்டது. வெள்ளியும் சனியும் வந்தபோதும் அப்படியே செய்தாள். வந்தது, போனது, ஆளைக் கொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓஸ்வால்டுக்கு 'வாயு' வந்தது. வராமல் என்ன செய்யும்? மறுநாள் புது ஆபீசர் அவனுடைய ஃபைல்களைப் பார்க்கப்போகிறார். சட்டை நனைய வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான். பவுலின் சோடா வாங்க ஓடினாள்.

"கை மரத்துப் போகுது யூனிஸ்... நான் போயிடுவேன்" என்றான் அவன்.

யூனிஸ் அவனையே பார்த்தாள். அட, அதே விரல், அதே மூச்சு, அதே சாவு! கோபம்தான் முதலில் வந்தது. ஆனாலும் அண்ணன். பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூச்சை அடக்காதீங்க அண்ணா. நான் ஒவ்வொரு பேரா கூப்பிடறேன். மெதுவா மூச்சை விட்டுக்கிட்டே 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லுங்க."

நாற்பது வயது ஹெட் கிளார்க், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கும் சேர்த்து, "உள்ளேன் டீச்சர்" சொன்னான். கடைசியில் எழுந்து உட்கார்ந்தான், முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. அப்போதுதான் சோடா வந்தது. குடித்து ஒரு ஏப்பம் விட்டான்.

"பாத்தியா, வாயுதான்" என்றான்.

"நல்லவேளை, சோடாக்கடை தொறந்திருந்துது" என்றாள் பவுலின்.

யூனிசுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போறேன் அண்ணா" என்றாள்.

"எதுக்கு, அங்க விழுந்து என் மானத்தை வாங்கவா? சும்மா வீட்டுல இரு. தங்கவயலுக்கு லெட்டர் போடறேன்."

"முதல்ல நான் கிளாஸ்ல நின்னு பாக்கறேன். விழுந்தா அப்புறம் போடுங்க."

திங்கட்கிழமை காலையில் அவள் புடவை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது ஓஸ்வால்ட் போர்வைக்குள் இருந்தான். தலை மட்டும் வெளியே வந்தது, பிறகு ஒரு கை, கையில் ஒரு கவர்.

"எப்படியும் போகப்போறே. வழியில ஜெயராஜ் வீட்டுல இந்த லீவ் லெட்டரைக் குடுத்துடு. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கலைன்னா இந்த வாயு போகாது."

வில் பவரின் லீவ் லெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு யூனிஸ் படி இறங்கினாள். மார்க்கெட் முனையில், எதிர்பார்த்தபடியே, நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கால் வீட்டுப் பக்கம் திரும்பப் பார்த்தது. சுவரைப் பிடித்து நின்றாள். வெற்றிலைக்காரி பார்த்தாள், பார்க்கட்டும். உதடு அசைய ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டாள். பாதிப் பேர் இருக்கும்போதே நடக்கத் தொடங்கினாள். படபடப்பும் கூடவே வந்தது, வரட்டும் என்று விட்டாள்.

ஓஸ்வால்டோடு வேலை பார்க்கும் ஜெயராஜ் வாசலிலேயே கவரைப் பிரித்துப் படித்தார். "அடடா, மறுபடியும் வாயுவா? ரொம்பக் கஷ்டம்மா அது, எழுந்துக்கவே முடியாதாமே. ஆமா, உங்களுக்கு ஏதோ உடம்புன்னு சொன்னாரே, என்ன அது?"

"அவருக்கு வர்றதுதான் சார் எனக்கும் வருது" என்றாள் யூனிஸ். "நான் ஸ்கூலுக்குப் போறேன்."