மிதி, பிடி, விடு

"இனி அந்த வண்டியில என் கால் படாது" என்று சொன்னவளின் கால்தான் இப்போது தேவைப்பட்டது.

மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் கணவர் ஒரு ரப்பர் குழாயும் காலி ஜாம் பாட்டிலுமாக வந்து நின்றார். மனைவி தையல் மெஷினிலிருந்து நிமிரவில்லை.

"பிரேக் லைன்ல காத்து நிக்குது. ஒருத்தர் மேல மிதிக்கணும், ஒருத்தர் அடியில திருகைத் திறந்து காத்தை வெளியேத்தணும்."

"பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க."

"அவர் காலால மிதிச்சா பெடல் காலோட பிஞ்சு வந்துடும்."

வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து விழுங்கினாள். போன ஞாயிற்றுக்கிழமை சரிவில் இறங்கும்போது பெடல் தரைவரை போய்விட்டது. கைப்பிரேக்கை இழுத்து, சாலையோர மணல் குவியலில் வண்டியின் மூக்கைச் செருகி நிறுத்தினார். அவள் இறங்கி வீடுவரை நடந்தே வந்தாள். "நீ ஏறாத வண்டி எனக்கெதுக்கு? வித்துடறேன்" என்றார் அவர். அவள் விற்றுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

அந்தப் பழைய கார் லாரியில் துருக்குவியலாக வந்து இறங்கியது அவளுக்கு நினைவிருக்கிறது. கடையில் மூக்குக்கண்ணாடிக்குத் திருகு போடும் அதே பொறுமையோடு மனிதர் அதைக் கழற்றினார். ஒவ்வொரு நட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, முட்டை அட்டையில் கழற்றிய வரிசைப்படியே வைத்தார். குப்பையிலிருந்து ஒரு கதவு வந்தது, பிறகு ஒரு விளக்கு, பிறகு வண்டிக்கு ஒரு முகம். சீட்டுகளுக்கு ரெக்சின் தைத்தது அவள். எத்தனை ஊசி உடைந்தது என்று இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

எழுந்து போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். "பெடலுக்காக மட்டும்தான். சவாரிக்கு இல்ல."

"சரிங்க மேடம்" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "மிதி... பிடி... நான் சொல்றவரைக்கும் காலை எடுக்காதே. எடுத்தா வெளிய போன காத்து திரும்பி உள்ள வந்துடும். ம்... விடு."

ஒரு வாரமாகச் சரியாகப் பேசாத இருவருக்கும் இந்த மூன்று சொற்கள் போதுமானதாக இருந்தன. பாட்டிலில் குமிழிகள் வருவது நின்றது. கடைசியாக ஒருமுறை மிதித்துப் பிடித்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"திருகை மூடிட்டீங்களா?"

"மூடியாச்சே."

"அப்புறம் ஏன் பெடல் கீழ போகுது? ரொம்ப மெதுவா... என் காலுக்குத் தெரியுது."

டார்ச் வெளிச்சம் அடியில் அங்குமிங்கும் அலைந்தது. பிறகு ஸ்பேனர் சத்தம். வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்து உள்ளங்கையை நீட்டினார். குழாய் மூட்டில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் செம்பு வாஷர், நசுங்கித் தேய்ந்திருந்தது.

"குழாயெல்லாம் புதுசு போட்டேன். இதை மட்டும் பழசையே போட்டேன். வண்டியோட பிறந்தது, இருக்கட்டும்னு..."

"வண்டியோட பிறந்தது இருக்கட்டும். கூட வாழறவ இருக்க வேண்டாமா?"

அவர் திரும்ப வண்டிக்கு அடியில் நுழைந்தார். புது வாஷர் போட்டார். மறுபடியும் மிதி, பிடி, விடு. இந்த முறை அவள் பாதத்தின்கீழ் பெடல் பாதியிலேயே கல்லாக நின்றது. எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. இந்த மனிதர் கையால் ஒரு வேலை சரியானால் எப்படிச் சரியாகிறது என்று உள்ளுக்குள் வியந்தாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் சக்கரங்களை மாட்டி, ஜாக்கை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு கார் கதவைத் திறந்துவிட்டார், அவள் இறங்கட்டும் என்று.

அவள் இறங்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். "அந்தப் பக்கம் வந்து உட்காருங்க. கைப்பிரேக்கை விடுங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"நிறுத்தத் தெரியும்."

அவர் ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கைப்பிரேக்கை விட்டார். இன்ஜின் சத்தமில்லாமல் வண்டி சரிவான முற்றத்தில் நகர்ந்தது. மிதித்தாள். செம்பருத்தித் தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் சட்டென்று நின்றது. அவர் மூச்சை விட்டார்.

அவள் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, பெடலிலிருந்து மெல்லக் காலைத் தூக்கினாள். வண்டி மறுபடி உருளத் தொடங்கியது. எதிரே திறந்த கேட்டும் அதற்கப்பால் தெருவும் நெருங்கி வந்தன. பெடலுக்கு மேலே, தொடாமல், அவள் பாதம் காத்திருந்தது.