ராகு காலம் முடிந்ததும் அறுந்துபோகும் இணைப்பு

சாமுண்டீஸ்வரி அந்த மடலைப் படித்துச் சிரித்தாள். மறுபடி படித்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"என்ன செய்தீர்கள்? என்ன நடந்தது? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?"

முப்பது வயதுவரை அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களும் கேட்கவில்லை. நார்வேயில் இருக்கும் ஓலாவ் என்கிற முகம் தெரியாத மனிதர் கேட்கிறார்!

திருமழிசை தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனி அது. டைப்பிஸ்டாகச் சேர்ந்த அவள்தான், பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து ஓலாவ் எழுதிய இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டாள். மோடம் வழியாக மடல் அனுப்பும் மென்பொருள். மற்ற நாளெல்லாம் ஓடும். வெளிநாட்டுக்குச் சோதனை அறிக்கை போகவேண்டிய வெள்ளிக்கிழமை மட்டும், இணைந்த மறுநிமிஷம் அறுந்துவிடும்.

"வர்ற வெள்ளியும் போகலேன்னா இதைத் தூக்கிடலாம்மா. நீ பழையபடி டைப்புக்கே போயிடு," என்று சொல்லிவிட்டார் முதலாளி ராஜசேகரன்.

பயந்துபோய் அவள் எழுதிய முதல் புகார்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை. ஆவன செய்யவும்." எழுதியபோது பெருமையாக இருந்தது. இப்போது பார்த்தால் அதில் மரியாதையைத் தவிர ஒன்றுமே இல்லை.

பதிப்பு எண், மோடத்தின் பெயர், திரையில் வந்த கடைசி வரி எல்லாம் எழுதினாள். ஏன் வெள்ளிக்கிழமை? அங்கேதான் நின்றாள்.

"வெள்ளிக்கெழம இன்னாக்கா விசேஷம்?" என்றான் பேக்கிங் வேம்புலி. "மத்த நாள் பத்து மணிக்குப் போடுற. அன்னிக்கு மட்டும் ராகு காலம் முடியட்டும்னு பன்னெண்டு மணி வரிக்கும் மொதலாளி உன்ன குந்த வெச்சிக்கினு கீறாரே!"

அவளுக்குக் காது சுட்டது. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டுக்குப் போட்டுப் பார்த்தாள், அறுந்தது. ஒரு மணிக்குப் போட்டாள், அறாமல் நின்றது. துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் ராகு காலத்தை நார்வேக்காரருக்கு எப்படி எழுதுவது? சிரிக்க மாட்டாரா? எழுதினாள், அழித்தாள். எதைச் சொன்னாலும் கொஞ்சம் மறைத்துச் சொல்லியே பழகிவிட்டதை அப்போதுதான் கவனித்தாள். அவர் நடந்ததைத்தானே கேட்டார்? நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை பதில் வந்தது. நண்பகல் பன்னிரண்டை மென்பொருள் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறதாம். பன்னிரண்டு மணி நேரமாக இணைப்பு சும்மா கிடக்கிறதென்று நினைத்துத் துண்டிக்கிறதாம். "ஆறு பேர் புகார் செய்தார்கள். நேரத்தைச் சொன்னது நீங்கள் மட்டும்தான்," என்று எழுதி, திருத்தத்தையும் அனுப்பியிருந்தார். இனி ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வெளியிடும் முன்னால் நண்பகல் சோதனை ஒன்று ஓடுமாம். அதற்கு அவர் வைத்த பெயர் 'ராகுகாலம்'.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு. மோடம் கீச்சிட்டது. ஒரு நிமிஷம், இரண்டு, ஐந்து. அறிக்கை முழுசும் போய்ச் சேர்ந்தது.

"அப்படி என்னம்மா எழுதினே அந்த ஆளுக்கு?" என்றார் ராஜசேகரன்.

"உங்க ராகு காலத்தைத்தான் சார்."

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "எமகண்டத்தையும் ஒரு வார்த்தை கேட்டுடேன்."

வேம்புலி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவளால் ஓட முடியவில்லை. இருந்த இடத்திலேயே, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.