என்ன குடி?

போக்கிடமில்லாத பிள்ளைகளுக்கான விடுதியில் இருந்துகொண்டே வாவிக்கரைச் சந்தியில் இடியப்பக் கடை போட்டேன். அடுப்பும் பெட்டியும் விடுதி தந்தது. கடை ஓடத் தொடங்கியதும், "கம்சாயினி, நீ இப்ப உழைக்கிறாய். வேற பிள்ளைக்கு இடம் வேணும், ஒரு அறை பாரு" என்றார்கள். நியாயம்தான்.

கடைக்கு எதிர்வீட்டுப் பத்தினிப்பிள்ளை மாமியிடம் போனேன். கடை திறந்த நாளிலிருந்து அவருக்குக் காலைச் சாப்பாடு என்னிடம்தான். அவருடைய பின்னறை சும்மா பூட்டிக் கிடந்தது.

"தரலாம் மகள். நீ என்ன குடி?"

எங்கள் பக்கம் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியாக வரும். தாயையே தெரியாத நான் என்னத்தைச் சொல்ல?

"தெரியா மாமி."

"குடி தெரியாத ஆள வீட்டுக்க எப்பிடிகா வைக்கிற?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பற்றியெரிந்தது.

அடுத்த நாள் விடியவே பாத்திரத்தோடு வந்து நின்றார். "பத்து இடியப்பம் வை மகள். சொதி கொஞ்சம் கூட ஊத்து."

அகப்பையைக் கீழே வைத்தேன். அங்கு நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"மாப் பிழிஞ்ச கை என்ன குடியெண்டு தெரியாமத் தின்னலாமா மாமி?"

மாமி பாத்திரத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.